வாசலில் மாறிய புறவட்டு

சூடத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பாளையங்கோட்டையில் நடந்தது. நடந்தபடியே சொல்கிறேன்.

பேச்சிமுத்து காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்னால், தலைமாட்டில் கிடக்கும் கறுப்புப் பெட்டியை எடுத்து அதன் வயரைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்வார். பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கும். மினுக்கி ஓய்ந்ததும், பென்ஷன் எந்த பேங்கில் வருகிறது, முழங்கால் எதில் இடித்து வீங்கியது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

மனிதன் நூற்றைம்பது வயதுவரை இழுத்துக்கொண்டு கிடக்கத் தொடங்கிய பிறகு மண்டை போதவில்லை. பேரும் முகமும் பேச்சும் அன்றன்றைய நடப்பும் தலையில் தங்கும். மற்ற பழசெல்லாம் புறவட்டில். முன்பு கம்ப்யூட்டருக்கு இடம் போதாமல் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மாட்டினார்களே, அதே சரக்குதான். செருகினால் ஞாபகம் வரும், கழற்றினால் போய்விடும். விளக்கு மினுக்கும்போது மட்டும் பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் அந்நேரம் திறந்திருந்தது அழிந்துபோகும். இன்னொரு பெட்டியில் பிரதி எடுத்து வையுங்கள் என்று அரசாங்கம் தலைபாடாக அடித்துக்கொண்டது. யார் கேட்டார்கள்? கடவுச்சொல்லும் எவரும் வைப்பதில்லை. வைத்தால் அதை எங்கே சேமிப்பது? அந்தப் பெட்டிக்குள்தானே?

பேச்சிமுத்துவின் பெட்டியில் முதல் ஃபோல்டரின் பெயர் ‘அவமானம்’. அதில் இருந்தது ஒரே ஒரு சம்பவம். மனைவி கோமதியின் தம்பி உலகநாதன் வீடு பால் காய்ச்சிய அன்று, பந்தியில் இவர் இரண்டாம் தடவை பாயசத்துக்குக் கை நீட்டியபோது, “அத்தானுக்குப் போதும், சுகர் இருக்கு” என்று ஊர் கேட்க உலகநாதன் சொல்லிவிட்டான். பேச்சிமுத்து இலையை எதிர்ப்பக்கமாக மடித்தார். இனி உன் வீட்டு உறவு வேண்டாம் என்று அதற்குப் பொருள். அன்றிலிருந்து தினமும் காலையில் அதைத் திறந்து ஒருமுறை முழுதாகக் கொதித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். அதனாலேயே அவர் உடம்பு திடமாக இருந்தது என்று கோமதியே சொல்வாள்.

கல்யாண மண்டபத்துக்குள் புறவட்டோடு நுழையக்கூடாது என்பது சட்டம். பழசு உள்ளே வந்தால் சம்பந்திச் சண்டை வராமல் எந்தக் கல்யாணம் முடியும்? ஆகவே வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, மரத்தட்டில் அவரவர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும். அத்தனையும் ஒரே கறுப்பு, ஒரே அளவு. ஒரு மனிதனின் ஆயுசு முழுவதையும் செருப்புக்குப் பக்கத்தில் போடச் சொன்ன அந்த அதிகாரியை எந்தத் தட்டில் வைப்பது?

தை முகூர்த்தத்தில் ஒரு கல்யாணம். பேச்சிமுத்துவும் உலகநாதனும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தார்கள். பெட்டிகள் வாசலில் கிடந்ததால் இருவருக்கும் மனதில் ஒன்றுமில்லை. உலகநாதனே பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு அத்தான் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னான். இருவரும் தாம்பூலத்தோடு வெளியே வந்து, ஆளுக்கொரு பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை பேச்சிமுத்து வயரைச் செருகினார். படித்தது போனாலும் பழக்கம் போகுமா? விரல் தானாக முதல் ஃபோல்டருக்குப் போயிற்று. அங்கே ‘அத்தான்’ என்றிருந்தது. திறந்தால், சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஒருவர் ஓடிவருகிறார். உற்றுப் பார்த்தார். அவரேதான். பெட்டி மாறிவிட்டது. அதிலிருந்த பால் காய்ச்சிய நாளைத் திறந்தார். மாடு வந்தது, பால் பொங்கியது, சாப்பாடு நடந்தது. சண்டை என்று ஒன்றுமே இல்லை. உலகநாதன் அதைச் சேமித்தே வைக்கவில்லை.

பேச்சிமுத்துவுக்குப் பற்கள் நறநறத்தன. யார்மேல், எதற்கு என்று தெரியவில்லை. முதல் இடத்தில் இருக்கவேண்டிய ஏதோ பெரிய சொத்து பறிபோய்விட்டது என்று மட்டும் உடம்பு சொல்லிற்று.

“அவன் பெட்டி இங்க இருந்தா நம்மது அங்கதான இருக்கும்? மெதுவாப் போய் வாங்கிட்டு வாங்க,” என்றாள் கோமதி.

“மெதுவாவா? என் சொத்தைத் தூக்கிட்டுப் போயிருக்கான், மெதுவாப் போகணுமாம்.”

உலகநாதன் வீட்டு முன்னறையில் கண்ணாடி முன்னால் நின்று, முகத்தில் சோப்பு நுரையோடு, கண்ணாடியில் தெரிந்தவனைத் திட்டிக்கொண்டிருந்தான். காதுக்குப் பின்னால் பேச்சிமுத்துவின் பெட்டி. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

“வாங்க அத்தான். இந்த உலகநாதன் பயலை நீங்க சும்மா விட்டதே தப்பு. மனுசனா இவன்? எனக்கே ரத்தம் கொதிக்கி.”

“பெட்டியைக் குடு வே.”

“இருங்க, சொல்லி முடிச்சிடுதேன். இந்த நாயி, அத்தனை பேரு பாக்க, பந்தியில வச்சு உங்களை...”

பேச்சிமுத்துவால் பொறுக்க முடியவில்லை. தான் தினமும் ஆசையாய் எடுத்து அனுபவித்த கோபத்தை, சம்பந்தப்பட்டவனே நுரை வழிய அனுபவித்துக்கொண்டிருந்தான். “என் கோவத்தை நீ என்ன வே படுதது!” என்று பாய்ந்து வயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது.

அணைந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. “பந்தியில வச்சு என்னை என்ன பண்ணான்?”

உலகநாதன் நுரையைத் துடைத்துக்கொண்டு விழித்தான். “யாரு அத்தான்?”

பெட்டியில் எல்லாம் பத்திரமாக இருந்தன. ‘அவமானம்’ மட்டும் காலி. தன்னோடு என்றாவது ஒரு பந்தியில் உட்கார்ந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ப் பேச்சிமுத்து விசாரித்தார். ஒருவரும் அதைச் சேமித்திருக்கவில்லையாம். கோமதியும்தான். இவ்வளவு பெரிய அவமானம் உலகத்திலேயே அவர் ஒருவரிடம்தான் இருந்திருக்கிறதாம்.

இப்போதும் காலையில் காலி ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறார். பிறகு நேரே உலகநாதன் வீட்டுக்குப் போய், “நீ என்னை என்னமோ பண்ணியிருக்க, யோசிச்சுச் சொல்லு வே” என்று அதட்டுகிறார். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று காப்பி கொடுக்கிறான். அதை வாங்கிக் குடித்துவிட்டு, மறுநாள் வருவதாக மிரட்டிவிட்டுத் திரும்புகிறார்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்ட புறவட்டு, போன முகூர்த்தத்தில் மண்டப வாசலில் இருந்து எடுத்துவந்தது; சேமிக்கவில்லை என்று பேச்சிமுத்துவிடம் சாதித்த யாரோ ஒருவருடையது. என்னுடையது அன்று வீட்டிலேயே இருந்திருக்கிறது.