வெறுங்கூடை திரும்பாது

சந்து முழுவதும் வெல்லப்பாகு வாசனை. புத்தாண்டு நெருங்கிவிட்டதால் எல்லா வீட்டுக் கதவுகளிலும் சிவப்புத் தாள் பளபளத்தது. சூயிங்கின் வீட்டுக் கதவு மட்டும் மொட்டையாக இருந்தது. புயல் மாதத்தில் அவளுடைய அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். துக்க வீட்டுக் கதவில் சிவப்பு ஒட்டமாட்டார்கள்.

அந்த வீட்டில் புத்தாண்டு அப்பமும் அவிக்கக்கூடாது. அக்கம்பக்கத்தார்தான் அவித்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதுதான் அந்தக் கடற்கரை ஊரின் வழக்கம்.

ஆனால் யாரும் கொண்டுவரவில்லை.

"அக்கா, அப்பம் எப்ப வரும்?" என்று கேட்டான் ஐந்து வயது ஆலூங்.

"வரும்டா."

"நேத்தும் இதையேதான் சொன்ன. அப்பம் தின்னாத்தான் ஒரு வயசு கூடும்னு அம்மா சொன்னாங்கல்ல? நான் அஞ்சு வயசிலேயே நின்னுடுவேனா?"

"நின்னா நல்லதுதான். புதுச் சட்டையே வாங்க வேணாம்."

ஆலூங் சிரிக்கவில்லை. சொன்ன சூயிங்குக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்பா மூலையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அம்மா போனதிலிருந்து அவர் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுவதில்லை.

"அப்பா, நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வரட்டுமா?"

"அவங்களா குடுத்தா வாங்கிக்கலாம். நாமளா போய்க் கேட்டா அது பிச்சை. பேசாம இரு."

சூயிங்குக்கு அழுகையும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தன. இந்தச் சந்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கஞ்சியோடு ஓடியவள் அம்மா. அதற்குள் எல்லோரும் மறந்துவிட்டார்களா?

அடுப்படிக்குப் போனாள். அம்மாவின் மூங்கில் கூடை சுவரில் தொங்கியது. அப்பம் அவிக்கிற கூடை. சந்திலேயே பெரியது என்பதால் ஆண்டுதோறும் பாதிச் சந்து அதை இரவல் வாங்கும். வாங்கியவர்கள் வெறுங்கூடையாகத் திருப்பித் தந்ததே இல்லை. இப்போது அதில் சிலந்தி குடியிருந்தது.

சூயிங் சிலந்தியை மெல்ல வெளியேற்றினாள். கூடையை இறக்கிக் கழுவித் துடைத்தாள்.

பக்கத்து வீட்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். பண்டிகை நேரத்தில் துக்கக்காரர்கள் படி தாண்டக்கூடாது.

"ஜின்மெய் அத்தை!"

அத்தை மாவுக் கையோடு வந்தாள். "என்னடி, இந்தக் குளிர்ல?"

"அம்மாவோட கூடை அத்தை. இந்த வருஷம் எங்க வீட்டுல சும்மா தொங்குது. உங்களுக்கு உதவுமேன்னு கொண்டாந்தேன்."

அத்தை கூடையைப் பார்த்தாள். பிறகு சூயிங்கைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"உங்க வீட்டுக்கு அப்பம் வந்துச்சுல்ல?"

சூயிங் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஐயோ!" அத்தை எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "யூச்சின்! நீ சூயிங் வீட்டுக்கு அப்பம் குடுக்கலையா?"

எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "நீதானே பக்கத்து வீடு! நீ குடுத்திருப்பேன்னுல்ல நான் இருந்துட்டேன்!"

"எதிர்த்தாப்புல இருக்கிற நீ குடுத்திருப்பேன்னு நான் இருந்துட்டேனே!"

சந்து முழுக்க இதே கதைதான். அடுத்தவர் கொடுத்திருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள், ஒருவரும் வரவில்லை. அதைக் கேட்டு சூயிங்கின் கோபம் குறைந்தது. வலி குறையவில்லை.

ஜின்மெய் அத்தை கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "உங்கம்மா கூடையை நான் என்னைக்குடி வெறுங்கூடையா அனுப்பியிருக்கேன்?"

மறுநாள் மாலை கூடை வீடு திரும்பியது. உள்ளே வட்டமான பழுப்பு அப்பம் சூடாக இருந்தது. அதன் நடுவில் ஒரு சிவப்பு இலந்தைப் பழம். அத்தைக்குப் பின்னால் யூச்சினும் மற்றவர்களும் ஆளுக்கொரு தட்டோடு நின்றார்கள்.

அப்பா வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கூடையை இரு கைகளாலும் வாங்கினார்.

அவர்கள் போன பிறகு அப்பா நூலால் அப்பத்தை அறுத்து, முதல் துண்டை ஆலூங்கிடம் கொடுத்தார். அவன் தின்னவில்லை. அம்மாவின் படத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தான்.

"அம்மாவுக்கு அப்பா வைப்பாருடா. நீ தின்னு. வயசு கூட வேணாமா?"

"அம்மாவுக்கும் கூடட்டும் அக்கா. நான் மட்டும் வளந்துட்டா அவங்களுக்கு என்னை அடையாளம் தெரியாமப் போயிடும்."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. சூயிங் இன்னொரு துண்டை எடுத்து மூன்றாகப் பிய்த்தாள். அப்பாவின் கையில் ஒன்று, தம்பியின் வாயில் ஒன்று, தனக்கு ஒன்று.

அந்தப் புத்தாண்டில் அவர்கள் நான்கு பேருக்கும் ஒரு வயது கூடியது.