பேக்கரியில் ஓர் ஊசி

"கையை நல்லா மடக்கிக்கோங்க... எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இது காலையில் ரத்தம் எடுக்கும் பரிசோதனைக் கூடம் இல்லை. மத்தியானம் வேலை பார்க்கும் பேக்கரி! எதிரில் நின்றவன் கேட்டது ஒரு ரொட்டி பாக்கெட்.

அவனோ சட்டைக் கையைச் சுருட்டி, முஷ்டியை மடக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"சீக்கிரம் எடுங்க மேடம்... எனக்கு ஊசின்னா பயம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். அந்த ஒற்றைக் கண்ணில் இருந்த குறும்பு... அன்று சாயங்காலம் டியூஷனில் கூட்டல் கணக்கையெல்லாம் கழித்துச் சொல்லிக்கொடுத்தாள்.

பிறகு தினமும் வந்தான். ஒரு ரொட்டி, கொஞ்சம் பேச்சு. நன்றாகத்தான் போனது, தன் மூன்று வேலைகளையும் அவள் சொல்லும்வரை.

"மூணா? ஐயோ... பாவம்ங்க நீங்க."

அவள் முகம் மாறியது. "நான் ரொட்டி விக்கிறேன்... பரிதாபம் வாங்கறதில்லை. அடுத்து யாருங்க?"

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும். 'நாக்கா இது... தேள் கொடுக்கு!' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கதவு திறக்கும்போதெல்லாம் கண்கள் ஓடின. வந்தது மழைதான்.

டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. தொப்பலாக நனைந்து ஒரு டாக்ஸியில் ஏறினாள்.

"பெல்ட் போட்டாச்சா? கண்ணாடியைப் பாருங்க... கிளட்சை மெதுவா விடுங்க..." என்ற டிரைவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்தக் குரல்! கண்ணாடியில் அதே கண்கள்.

"நீங்களா?"

"காலையில டிரைவிங் ஸ்கூல்... மத்தியானம் கொரியர்... இப்ப டாக்ஸி. வாய் மாறிடுச்சு, மன்னிச்சிடுங்க."

"அப்புறம் என்னை மட்டும் ஏன் பாவம்னீங்க?"

"அந்த அலுப்பு எனக்கும் தெரியும்ங்க... அதான் வாயில வந்துடுச்சு. மறுநாள் கடை வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள வரத்தான் தைரியம் இல்லை."

இறங்க வேண்டிய இடம் வந்தது. அவள் இறங்கவில்லை.

"வேலை இல்லாத நேரத்துல ஒரு நாள் பேசலாமா?" மெல்லக் கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் எனக்கு வேலை இல்லை. ஆனா அப்ப தூங்குவேன். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்... அம்மாகூட எழுப்ப மாட்டாங்க."

"சரிங்க..." அவன் குரல் உள்ளே போய்விட்டது. "தூங்குங்க."

அவள் கதவைத் திறந்து மழையில் ஒரு காலை வைத்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"இப்பல்லாம் எங்க தூங்கறேன்... கண்ணை மூடினா நீங்கதான் வந்து நிக்கறீங்க. அதுக்கு நேர்லயே வந்துடுங்க."