மாதாவின் முகத்தில் விழுந்த அடி

“ஏணி நிக்குது பாரு! மேல ஆள் இருக்கான்!” என்றான் பெலிக்ஸ்.

அமலி அதற்குள் ஏறத் தொடங்கிவிட்டாள். கீழே ஆறு இரைந்தது. மேலே, செங்குத்துப் பாறையின் நடுவில், இடைக்காலத் துறவிகள் குடைந்த கோயில் இருண்ட வாயைத் திறந்திருந்தது.

தூத்துக்குடியிலிருந்து ஜார்ஜியாவுக்கு மருத்துவம் படிக்க வந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் அமலியின் தம்பி சவியோவைக் காணவில்லை. கோச்சா என்பவனோடு இந்தப் பள்ளத்தாக்குக்குப் போனான் என்று மட்டும் தகவல்.

உள்ளே டார்ச் ஒளி பட்டதும் அமலி திடுக்கிட்டாள். சுவர் முழுக்க நீலமும் செம்மண் நிறமுமாக ஓவியங்கள். ஆனால் அப்போஸ்தலர்களுக்கு முகமே இல்லை! ஒவ்வொரு முகத்தையும் காரையோடு சதுரமாக அறுத்தெடுத்திருந்தார்கள். பீடத்துக்கு மேல் மாதா மட்டும் முழுசாக இருந்தாள்.

“எக்கா...”

தரைக்குள்ளிருந்து குரல்! பீடத்தருகே பாறையில் ஆழமான குழி. அடியில் சவியோ கால் முறிந்து கிடந்தான்.

“கோச்சா தள்ளிட்டான்கா. தண்ணி கேட்டா மண்ண அள்ளிப் போடுதான்.”

“பயப்படாத மக்கா, வந்துட்டோம்லா!”

பின்னால் ஒரு சிரிப்பு. தோளில் கயிற்றோடு கோச்சா ஏறி வந்திருந்தான்.

“உளியும் சுத்தியலும் அங்கே கிடக்கின்றன. மாதாவை உடையாமல் அறுத்துக் கொடு, நல்ல விலைக்குப் போகும். கயிறு தருகிறேன்,” என்றான் ஜார்ஜிய மொழியில்.

பெலிக்ஸ் அவன்மேல் பாயப் போனான். கோச்சா ஒரு கல்லைக் காலால் குழிக்குள் உருட்டிவிட்டான். சவியோ அலறினான்.

“இன்னொன்று தள்ளவா?”

அமலி சுத்தியலை எடுத்து மாதாவின் முன்னால் போய் நின்றாள். “கயிற்றைப் போடு. இல்லையென்றால் உடைப்பேன்!”

“கழுத்தில் ஜெபமாலை போட்டிருக்கும் நீயா?”

ஓங்கி அடித்தாள். மாதாவின் கன்னம் சிதறி அவள் காலடியில் கொட்டியது.

“நிறுத்து! நிறுத்து!” கோச்சா கயிற்றை வீசினான். பெலிக்ஸ் அதைத் தூணில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு சவியோவை இழுத்து மேலே ஏற்றினான்.

அதற்குள் அடி விழுந்த இடத்திலிருந்து விரிசல் ஓடியது. ஓவியம் சுவரைவிட்டு நழுவியது! கோச்சா பாய்ந்து இரு கைகளாலும் மார்பாலும் அதை அழுத்திப் பிடித்தான்.

“வந்து தாங்கு! விட்டால் விழுந்துவிடும்!”

“நீயே தாங்கிட்டுக் கெட,” என்றாள் அமலி தமிழில்.

பெலிக்ஸ் அதே கயிற்றால் சவியோவை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினான். பின்னாலேயே இறங்கிய அமலி, ஏணியை ஆற்றுக்குள் உதைத்துத் தள்ளினாள். மேலே கோச்சா கெஞ்சினான். பிறகு ஏதோ பொலபொலவென்று சரியும் சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆற்றோரம் தண்ணீர் குடித்த சவியோ தலைகுனிந்தான். “அந்த முகமெல்லாம் நான்தாங்கா அறுத்தேன். மாதாவ மட்டும் மாட்டேன்னேன். அதான் தள்ளிட்டான்.”

அமலி தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் நீலத் தூள் ஒட்டியிருந்தது.

அமலி போன் செய்து போலீஸ் வந்தது. கோச்சாவைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அவன் வேனில், வைக்கோலுக்குள், அப்போஸ்தலர்களின் முகங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. அதிகாரி மகிழ்ந்துபோய் அமலியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“எக்கா, எம் பேர மட்டும் சொல்லிராத,” என்று சவியோ கிசுகிசுத்தான்.

அவன் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணை அவள் துடைத்துவிட்டாள். பிறகு அதிகாரியிடம் சொன்னாள்:

“இவற்றை அறுத்தவன் இவன்தான். என் தம்பி.”