கோஸ் முறியும் சத்தம்

வன்முறை விளையாட்டுகளால் பிள்ளைகளுக்கு எள்ளளவும் தீங்கில்லை என்று இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது. அறிவித்தவர், சியோலில் பெயர் பெற்ற கணினி விளையாட்டு நிறுவனம் ஒன்றின் ஒலிப் பிரிவுத் தலைவர் குவாக் தோசிக். இடம், அவர் மகள் போரா படிக்கும் பள்ளியின் அரங்கு. உங்கள் பெண்ணும் இதைத்தான் விளையாடுகிறாளா என்று ஒரு தாய் கேட்டார். பெரியவர்களின் அடையாள எண் இல்லாமல் ஒரு பிள்ளையும் உள்ளே போகமுடியாது என்று தோசிக் சிரித்தார். கைதட்டினார்கள். போரா உள்ளே போயிருப்பது அவருடைய எண்ணில்தான் என்பதைச் சொல்ல மேடையில் நேரம் போதவில்லை.

சாயங்காலம் வீட்டில் டையைத் தளர்த்தும்போது அந்தச் சத்தம் கேட்டது. மடக்கென்று, ஈரமாக, முட்டைகோஸ் முறிகிற சத்தம்.

குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட மனைவி வாங்கிய கோஸ்கள் நேற்றிலிருந்து குளியல் தொட்டியில் உப்புநீரில் கிடந்தன. மிளகாய்த்தூளுக்காக அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கோஸ்தான் என்று இரண்டடி வைத்த தோசிக் நின்றார். உப்பில் ஊறிய கோஸ் முறியாது. ஈரத்துணி போல வளையும். ஊறப்போடுவதே அதற்குத்தான்.

பச்சைக் கோஸை மைக் முன்னால் முறுக்கி அந்தச் சத்தத்தை உண்டாக்கியவரே அவர். விளையாட்டில் கழுத்து முறிந்தால் அதுதான் கேட்கும். பிள்ளை விளையாடுகிறாள், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டார்.

பூண்டும் இஞ்சியும் மீன்சாறும் கலந்த வாடை கூடத்தில் கனத்துத் தேங்கியிருக்க, குளிருக்காகத் தரைக்கடியில் ஓடவிட்ட வெந்நீரின் சூடு காலுறையைத் தாண்டி உள்ளங்காலில் ஏற, போராவின் அறைக்கதவு இடுக்கில் வழிந்த நீல வெளிச்சம் அவர் நிழலைச் சுவரில் இழுத்து நீட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு குழந்தை அழுதது.

"அப்பா."

நான்கு வயதுக் குரல். விளையாட்டின் கடைசிக் கட்டத்தில் வருகிற குட்டிப் பேயைச் சுட்டால் அப்படித்தான் அழும். விருது வாங்கித்தந்த அழுகை. யார் குரல் என்று கேட்டவர்களிடம் தொழில் ரகசியம் என்றார்.

போராவின் நான்காவது வயதில் ஒருநாள், தொட்டியில் தண்ணீர் சொட்டுவதைப் பதிவு செய்ய அவர் குளியலறையில் நின்றார். வெளியிலிருந்து விளையாட்டாகக் கதவைத் தள்ளிய போராவின் விரல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. அவர் கையில் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறக்க ஒரு நொடி போதும். இன்னும் கொஞ்சம்டா கண்ணு, என்று இதமாகச் சொல்லிக்கொண்டே நின்றார். கதவு இறுகிப்போச்சு என்று பிறகு மனைவியிடம் சொன்னார். அந்த வயதில் எதுவும் நினைவிருக்காது என்று தனக்கும் சொன்னார். போராவின் சுண்டுவிரல் இன்றும் வளைந்தே இருக்கிறது.

அறைக்குள் எட்டிப் பார்த்தார். நாற்காலி காலி. மேசைமேல் கிடந்த ஹெட்போனுக்குள்ளிருந்து அழுகை. திரையில் குட்டிப் பேய் எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது. விசைப்பலகையில் யார் கையும் இல்லை.

மடக்.

குளியலறைப் பக்கமிருந்து.

"போரா?"

குளியலறைக்கு நடந்தார். உள்ளே இருட்டு. உப்பு வாடை. சொட்டு. சொட்டு. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கால் வைத்தார். தொட்டி நிறையக் கோஸ்கள் துவண்டு கிடந்தன. ஒன்றுகூட முறிந்திருக்கவில்லை.

கதவு சாத்திக்கொண்டது.

மடக்.

அதே சத்தம். அவர் விரல்களில்.

அலறினார். தள்ளினார். வெளியே கதவோடு யாரோ சாய்ந்திருந்தார்கள்.

"திறம்மா... போரா... அப்பாம்மா..."

இடுக்கில் ஒரு கைபேசி. அதில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைப் பிடித்திருந்த வளைந்த சுண்டுவிரல்.

"இன்னும் கொஞ்சம்ப்பா," என்றாள் போரா, இதமாக. "நல்லா வருது."

பதிவு சுத்தமாக வந்திருந்தது.