குறுக்குக் காற்று

பொலோனா திறந்து வைத்துவிட்டுப் போன சமையலறை ஜன்னல், அவள் கீழே போய்த் தபாலை எடுத்துக்கொண்டு வருவதற்குள் சாத்திக் கிடந்தது. வெறுமனே சாத்தவில்லை, கொக்கியும் போட்டிருந்தது. ஜூலை மாதக் கடைசி, மத்தியானம். லுப்லியானா நகரமே அடுப்பில் வைத்த மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. தெருவில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. எதிர்க் கட்டிடத்தில் எல்லாரும் ஜன்னல் தட்டிகளை இறக்கிவிட்டு இருட்டுக்குள் சுருண்டு கிடந்தார்கள். இந்த வெக்கையில் இருக்கிற ஒரு ஜன்னலையும் அடைக்கிறவன் மனுஷனா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவன் போயான் கூடத்தில் சைக்கிள் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலை எதற்குச் சாத்தினாய் என்று கேட்டாள்.

"நான் இடத்தை விட்டே எழுந்திருக்கல பொலோனா. போறதுக்கு முன்னாடி நீயேதான சாத்திட்டுப் போன."

பச்சைப் பொய். அவள் கையாலேயே விரியத் திறந்தது. ஆனால் போயானிடம் சண்டை போடுவது பஞ்சு மூட்டையைக் குத்துவது மாதிரி, குத்தினவளுக்குத்தான் கை வலிக்கும். அவள் திரும்பிப் போய்க் கொக்கியை நீக்கி, கதவை இன்னும் அகலமாகத் தள்ளிவிட்டு, ஜன்னலோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமியார் ஸ்டெஃபானியாவின் நாற்காலி. பிப்ரவரியில் கிழவியைப் புதைத்துவிட்டு வந்த அன்றே அவளுடைய போர்வை, செருப்பு, மருந்துப் புட்டி எல்லாவற்றையும் பொலோனா குப்பைக்கு அனுப்பிவிட்டாள். நாற்காலியை மட்டும் வைத்துக்கொண்டாள். வீட்டிலேயே நல்ல வெளிச்சம் விழுகிற இடம் அதுதான். இத்தனை வருஷம் அந்த வெளிச்சத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

மேஜையில் வரைபடம் விரிந்து கிடந்தது. மடிப்பு நிமிராமல் இருக்க அதன் மேல் ஒரு கல்லறை விளக்கை வைத்திருந்தாள். சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகு நிரப்பிய விளக்கு. அது அவளுடைய அப்பாவுக்கு வாங்கியது.

ஸ்டெஃபானியாவைப் பொறுத்தவரை உலகத்துச் சாவுகள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான், குறுக்குக் காற்று. ஒரு பக்கம் ஜன்னலும் மறுபக்கம் கதவும் திறந்திருந்தால் நடுவில் ஓடுமே, அந்தக் காற்று. கழுத்தில் பட்டால் வாய் கோணிவிடும், இடுப்பில் பட்டால் சிறுநீரகம் போய்விடும். இந்த ஊரில் எல்லாரும் அதற்குக் கொஞ்சம் பயப்படத்தான் செய்வார்கள். கிழவி அதைக் கடவுளுக்கு மேலாக நம்பினாள். அதனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் குரோஷியாவின் பாக் தீவுக்குப் போகிற அந்தப் பழைய காரில் எல்லா ஜன்னலும் அடைத்தே இருக்கும். முன் சீட்டில், கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு, ஆர்னிக்காப் பூ ஊறிய சாராயத்தைப் பிடரியில் தேய்த்துக்கொண்டு கிழவி. பின்னால், தலையணைகளுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில், பொரித்த இறைச்சிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பொலோனா. எல்லையில் கார்கள் வரிசையாக நின்ற காலத்தில் அந்தக் கூண்டுக்குள் அவள் வேர்த்து ஒழுகியதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அதே சாலை, அதே தீவு, அறை வாடகைக்கு விடும் நெதில்காவின் அதே வீடு.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பாக் தீவில் இருந்தபோதுதான் அப்பா பிழைக்க மாட்டார் என்று அவருடைய ஊரான கோபாரித்திலிருந்து போன் வந்தது. கிழவி பீச் பழத்தைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கூட நிறுத்தவில்லை. "பத்து நாள் கடல்ல முங்குனாத்தான் குளிர்காலம் தாங்கும். நாலு நாள் பாக்கி இருக்கு. அவரு எங்க ஓடிடப் போறாரு?" என்றாள். போயான் கார் சாவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு தன் தட்டைப் பார்த்தான். மறுநாள் அப்பா போய்விட்டார். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

எனவே இந்தக் கோடை பொலோனாவுடையது. வடக்கே போஹின் ஏரி, அங்கிருந்து மலைக் கணவாய் ஏறி சோச்சா ஆற்றோடு இறங்கி கோபாரித். அப்பா இறந்த தேதியில் கல்லறையில் விளக்கு. அதற்கப்புறம் கடலோர ஊரான பிரான், எல்லை தாண்டி இஸ்திரியாவின் மலை ஊர்கள், திரும்பும்போது பிளிட்விட்சே அருவிகள். பாக் தீவு கிடையாது. முன் சீட்டில் அவள் உட்காருவாள், நான்கு ஜன்னலும் திறந்திருக்கும். கோட்டை அழுத்தி வரைந்தாள், பென்சில் முனை ஒடிகிற அளவுக்கு.

அப்போது பிடரியில் ஜில்லென்று ஏதோ பட்டது. எதிரே ஜன்னலில் திரைச்சீலை அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் சுவர்தான். வேர்வை ஆறுகிறது என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து வரைபடத்தை விரித்தபோது அவளுடைய கோடு இல்லை. அழித்திருந்தது. அழித்த இடத்தில் காகிதம் பொசுபொசுவென்று எழும்பியிருந்தது. அதற்குப் பதிலாக வேறொரு கோடு தெற்கே இறங்கியது. போஸ்தொய்னா, ரூபா, ரியேக்கா, கடலோரமாக, படகுத்துறை, பாக். பொலோனா வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய் அதைப் போயானின் மடியில் எறிந்தாள். உன் அம்மா செத்த பிறகும் அவளுக்குக் கூலிக்காரனாக இருக்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்டாள். வாயில் வந்ததையெல்லாம் கேட்டாள்.

போயான் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் குற்ற உணர்ச்சி இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இருந்தது பயம்.

"காலைல நீ அந்த நாற்காலில உக்காந்துதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

"நான் உக்காந்து?"

"ஒண்ணுமில்ல. விடு."

அன்று முழுக்க வீட்டில் ஆர்னிக்கா வாசனை அடித்தது. கசப்பும் சாராயமும் கலந்த, தொண்டையைக் கரகரக்க வைக்கும் வாசனை. அலமாரியில் தேடினாள், கட்டிலுக்கடியில் தேடினாள். புட்டியை ஒளித்து வைத்துக்கொண்டு மோந்து பார்க்கிறானோ என்று அவன் சட்டைப் பைகளைக்கூட உதறினாள். எங்கேயும் இல்லை. களைத்துப் போய்க் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தபோது வாசனை இன்னும் பலமாக வந்தது. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். போயான்மேல் இருந்த ஆத்திரத்தில், அது தன் கையில் எப்படி வந்தது என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை நெதில்கா பாக் தீவிலிருந்து கூப்பிட்டாள். கரகரத்த குரல், எப்போதும் சிரிப்பு. அறை தயார், ஆட்டுக்கறிக்குச் சொல்லிவிட்டேன், இந்தத் தடவையாவது ஈரல் டப்பாக்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், ஸ்லொவீனியாக்காரர்கள் உருளைக்கிழங்கைக்கூட மூட்டை கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து ஊரே சிரிக்கிறது என்றாள். பொலோனா பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த அறையைக் கேட்டது யார், என் கணவர்தானே என்றாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"நீதான கண்ணு கூப்பிட்ட. போன வாரம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உன் மாமியார் செத்துப்போனது தெரியும், ஆனா குரல் அச்சு அசல் அவங்க குரல். யாருன்னு கேட்டேன். பொலோனாதான்னு சொன்ன. சொல்லிட்டுச் சிரிச்ச."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். போயான் கதவோரம் நின்றிருந்தான், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "நீ பேசுறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றான். "அப்புறம் என்னைக் குட்டிப்பையான்னு கூப்பிட்ட. அம்மாவத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. பொலோனா, இந்த வருஷம் எங்கயும் போக வேணாம். கார்ல ஏறாத. வீட்லயே இருப்போம்."

பொலோனா சிரித்தாள். அழுகையைவிட மோசமான சிரிப்பு. நெதில்காவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு நாடகம்! கடைசியில் எங்கே வந்து நிற்கிறது பார், நான் அப்பாவிடம் போகக் கூடாது. ஒருதரம் தட்டைப் பார்த்தான், இப்போது கண்ணீர் விடுகிறான். சனிக்கிழமை கிளம்புகிறோம், நீ வராவிட்டால் நான் தனியாகப் போவேன் என்றாள். சொல்லும்போது கழுத்தின் பின்னால் அந்தக் குளிர் மறுபடி பட்டது. இந்த முறை அது விட்டு விட்டு வந்தது. மூச்சு மாதிரி. அவள் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால் போயான் ஜெயித்த மாதிரி ஆகிவிடும்.

சனிக்கிழமை காலை பளிச்சென்று விடிந்தது. பால்கனிகளில் துணி காய்ந்தது, யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். கூடையையும் சிவப்பு விளக்கையும் பின் சீட்டில் வைத்துவிட்டு, இருபது வருஷத்தில் முதல் தடவையாக, பொலோனா முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட்டு கிழவியின் அளவுக்கு முன்னால் இழுத்திருந்தது. ஒரே உதையில் பின்னால் தள்ளினாள். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஜன்னலைக் கடைசிவரை இறக்கினாள். போயான் வண்டியை எடுத்தான்.

நகரத்தைச் சுற்றிப் போகும் வட்டச் சாலைக்கு வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. வெட்டிய புல்லின் வாசனை, டீசல் புகை, தூரத்தில் மலைகள். தலைமுடி பறந்து வாய்க்குள் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் தொப்பியை நினைத்தாள், தூண்டிற்கொக்கிகள் செருகிய அந்தப் பச்சைத் தொப்பியை. வருகிறேன் அப்பா என்று மனதுக்குள் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

காற்று நின்றது.

கண்ணைத் திறந்தாள். ஜன்னல் பாதி ஏறியிருந்தது. கைப்பிடியில் ஒரு கை. அவளுடைய கைதான், அவளுடைய மோதிரம்தான். அது சுற்றிக்கொண்டிருந்தது, நிதானமாக, பழகிய கை மாதிரி. நிறுத்து என்று நினைத்தாள். கை நிற்கவில்லை. கண்ணாடி மேலே போய் இறுகியது. வெளிச் சத்தம் அறுந்தது.

ஆர்னிக்கா.

வடக்கு என்று போட்ட பலகை போய்விட்டது. அடுத்த பலகை, போஸ்தொய்னா. போயான், திரும்பு என்றாள். குரல் வரவில்லை. மடியில் என்னவோ கனத்தது. குனிந்து பார்த்தாள். கூடை. எண்ணெய் ஊறிய காகிதம். அருகில் சிவப்பு விளக்கு. எதிரே ஒரு சீட்டின் முதுகு. அதற்கு மேலே ஒரு தலை.

அவளுடைய தலை. நேற்று அவளே வெட்டிக்கொண்ட முடி. அவளுடைய நீலச் சட்டை. கழுத்தில் ஒரு துண்டு.

கதவைக் குத்தினாள். சத்தமில்லை. கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினாள். ஆவிகூடப் படியவில்லை. கோபாரித்துக்குப் பிரிகிற கடைசிச் சாலை வந்தது. மெதுவாகப் பின்னால் போனது. உடம்பு முழுக்க ஆத்திரமாகத் திரண்டு, இருபது வருஷத்துக்கும் சேர்த்து, முன் சீட்டில் இருந்த அந்தப் பிடரியை நோக்கிக் கத்தினாள். மூச்சு வாங்கினாள். மறுபடி கத்தினாள்.

முன்னால் இருந்தவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். கை துண்டைத் தேடிப் போனது.

"பின்னாடியிருந்து காத்து வருது, குட்டிப்பையா."

"எல்லா ஜன்னலும் சாத்தித்தான்மா இருக்கு" என்றான் போயான்.

"இல்ல. யாரோ கழுத்துல ஊதுற மாதிரி இருக்கு."

போயான் திரும்பிப் பார்த்தான். பொலோனாவின் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், அவன் கண் வந்து நின்றது. கூடையைப் பார்த்தான். சிவப்பு விளக்கைப் பார்த்தான். பிறகு முன்னால் திரும்பி, ஒரு கையால் அந்தத் துண்டை முன்னால் இருந்தவளின் கழுத்தில் இறுக்கிச் சுற்றிவிட்டான்.