புறம்போக்கில் ஒரு சமாதி

"ஐயோ... கொலை! கொலை!"

மணியம்மாளின் அலறல் ஆந்திரத்து நகரியை ஒட்டிய அந்தச் சின்னத் தெருவையே உலுக்கியது.

ரங்கன் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. நேற்றுவரை அங்கே ரங்கனின் மாடுகளும், மணியம்மாளின் விறகும்தான்.

இன்று...

சுண்ணாம்பு அடித்த சமாதி! மேலே சாமந்தி மாலை!

"ரங்கா! உள்ள யாருடா?"

"எங்க நைனா, அக்கா!" என்றான் ரங்கன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

அப்பா துலுக்காணம் மூத்த மகன் ரங்கனோடு சண்டை போட்டுவிட்டு, பலமனேரில் இளைய மகனோடு இருந்தார். உயிரோடு, கல்லுப்பிள்ளையார் மாதிரித் திடமாக இருந்தார்!

ரங்கனின் திட்டம் சுலபமானது. சமாதி இருக்கும் மண்ணில் அந்த ஊர்ப்பக்கம் எவனும் கை வைக்க மாட்டான். இன்றைக்குக் கிராம வருவாய் அதிகாரி வி.ஆர்.ஓ. நிலம் அளக்க வருகிறார். இடம் போய்விட்டால் மாடுகளைச் சந்தைக்குத்தான் ஓட்ட வேண்டும். நேற்று மணியம்மாள் திருத்தணி கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துச் செங்கல்லை அடுக்கிப் பூசிவிட்டான்.

மூளைக்காரன்தான். ஆனால் மணியம்மாளிடம் செல்போன் இருந்தது! கொலை என்று ஸ்டேஷனுக்கே அடித்துவிட்டாள்.

ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. கிரண்குமார் சமாதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏமய்யா... எப்ப போனாரு?"

"முந்தாநேத்து சார். பலமனேர்ல, தம்பி வூட்ல."

"மேளமில்ல, சங்கில்ல, தெருவுல ஒருத்தருக்கும் சொல்லல. பொணம் தானா நடந்து வந்துச்சா சார்? கேளுங்க!" மணியம்மாள் எடுத்துக் கொடுத்தாள்.

"தம்பி நம்பர் சொல்லு."

ரங்கன் திக்கித் திக்கிச் சொன்னான். போனில் தம்பி கோபிகிருஷ்ணனின் குரல்.

"நைனாவா சார்? நேத்து காலையிலயே பஸ் ஏறிட்டாரே! அண்ணன் வூட்டுக்குப் போறேன்னாரு. போன் பண்ணா ஸ்விட்ச் ஆஃப். இன்னும் வந்து சேரலியா?"

திக்!

எஸ்.ஐ.யின் பார்வை மாறியது.

"சார்... உள்ள யாரும் இல்ல சார்! வெறும் மண்ணு! எடத்துக்காகத்தான்..."

"இப்பத்தான நைனான்னு சொன்ன?"

"அது பொய் சார்!"

"அப்ப இது?"

ரங்கனின் கண் தெரு முனைக்கு ஓடியது. போலீஸ் பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் இன்னொரு பக்கம். நைனா எங்கே? சர்க்கரை வியாதிக்காரர். வழியில் எங்காவது விழுந்து கிடக்கிறாரா? சண்டை போட்ட நாக்கை இழுத்து அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மணியம்மாள் சமாதியின் மேல் விழுந்து அழ ஆரம்பித்தாள்.

"கூடப் பொறந்த அண்ணனாட்டம் இருந்தியே! பெத்த புள்ளையே உன்ன தின்னுட்டானே!"

"தோண்டுங்க!" என்றார் எஸ்.ஐ.

கான்ஸ்டபிள் கடப்பாரையை ஓங்கினார்.

"ஏய்... நிறுத்துய்யா!"

எல்லோரும் திரும்பினார்கள்.

மொட்டைத் தலை. தலை நிறையச் சந்தனம். கையில் ஒரு பை. யாரோ பெரியவர்.

முதலில் அடையாளம் கண்டவள் மணியம்மாள்தான். மறுபடி அலறினாள்.

"பேய்!"

"பேயில்ல மணியம்மா, மொட்ட! திருமல போயிக்கினு வரேன். செல்லுல சார்ஜ் இல்ல. இந்தா, லட்டு துன்னு."

ரங்கன் பாய்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான். விம்மி விம்மி அழுதான்.

"பெரியவரே, உங்க பையன் உங்கள பொதைச்சிட்டான்," என்று சிரித்தார் எஸ்.ஐ. "கேஸ் போடட்டுமா?"

துலுக்காணம் சமாதியைத் தட்டிப் பார்த்தார். பூச்சைத் தடவிப் பார்த்தார்.

"கேஸ் வேணாம் சார். இது யார் சமாதின்னு மட்டும் சொல்லுங்க."

"உங்களுதுன்னுதான் சொன்னான்."

"சமாதி என்னுதுன்னா... எடமும் என்னுதுதான?"

ரங்கனின் அழுகை பட்டென்று நின்றது.

"வி.ஆர்.ஓ. வரட்டும். நானே நின்னு அளந்து காட்டறேன். சமாதிக்காரனே நேர்ல வந்து கேட்டா மாட்டேன்னு சொல்லுவாரா? மணியம்மா, இந்தப் பக்கம் பூரா நீ விறகு போட்டுக்கோ. அந்த வேப்பமரத்தாண்ட எனக்குக் கட்டிலு."

"நைனா! அவளுக்கு எதுக்கு?"

"நான் செத்துட்டேன்னு அழுதவ அவ. உசுரோட வந்துட்டேன்னு அழுதவன் நீ!"

தெருவே சிரித்தது. கான்ஸ்டபிள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப... எனக்கு இன்னா நைனா?"

"மாட்ட ஒரு ஓரமா கட்டிக்கோ." துலுக்காணம் தன் சமாதியின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். "அப்புறம், செத்தவனுக்குப் புள்ள செய்ய வேண்டியத ஒழுங்கா செய். மூணு வேளையும் படையல்... சூடா!"