எறும்பு பார்த்த ரப்பர் வளையம்

மெக்கானிக் மாமா இறங்கியதும் வேன் நாலு விரல் உயர்ந்தது.

பொய் இல்லை. எறும்பு தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். அதுவரை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற வேன், அவர் கால் தரையில் பட்டதும் அப்பாடா என்று நேராகிக்கொண்டது. மாமா அப்படிப்பட்ட ஆள். அவர் வாசலில் வந்து நின்றால் உள்ளே விளக்குப் போட வேண்டியிருக்கும்.

எறும்பு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. எதைக் கண்டாலும் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்ப்பாள். அதனால் வீட்டில் வைத்த பெயர் அது. பிறகு பள்ளியிலும் ஒட்டிக்கொண்டது. வயது பத்து. அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. இருந்திருந்தாலும் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்திருப்பாள். அவ்வளவு முக்கியமான நாள் அது.

அவளுடைய அம்மாவுக்கு வேலை, காற்றை அளப்பது. வீட்டுக்குப் பின்னால் ஒரு மலை இருந்தது. அதன் உச்சியில் வானிலை ஆபீஸ்காரர்கள் நாலு வெள்ளைப் பெட்டிகளையும், காற்றில் சுற்றும் மூன்று கிண்ணங்களையும் வைத்திருந்தார்கள். அம்மா தினமும் சைக்கிளில் மேலே போவார். பெட்டிகளைத் துடைப்பார். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு வேகம், எத்தனை மழை என்று குறித்துக்கொண்டு இறங்குவார். வெயில் பட்டால் அந்தக் கிண்ணங்கள் வீட்டு முற்றத்துக்கே தெரியும்படி மின்னும். தன் அம்மா தினமும் அத்தனை உயரத்துக்குப் போய் வருகிறார் என்று நினைத்தாலே எறும்புக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஏறுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். இறங்குவதற்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் உயிரை வாங்குவது அந்தக் கால் மணி நேரம்தான். வழி முழுக்கக் கற்கள் வரிசையாகத் துருத்திக்கொண்டிருக்கும். அம்மா அந்த வழிக்குப் பல்வரிசை என்றே பெயர் வைத்திருந்தார். ஸ்பிரிங் எதுவும் இல்லாத பழைய சைக்கிளில் பத்து வருடம் அந்தப் பற்களின் மேல் குதித்துக் குதித்து, அவருடைய இடுப்பு ஒரு வழியாகிவிட்டது. இப்போதெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கினால் முதலில் கை இடுப்புக்குத்தான் போகும். இனி ஒரு குலுக்கலும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆபீஸில் யோசித்து, மலைப்பாதைக்கென்றே செய்த இரண்டு சைக்கிள்களை மெக்கானிக் மாமாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒன்றை அம்மா எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று வேறு ஊருக்குப் போய்விடும். பன்னிரண்டு மணிக்குள் எது என்று சொல்ல வேண்டும். இரண்டுமே ஒத்துவராவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து மலை வேலை ஆபீஸில் இருக்கும் நெட்டைப் பையனுக்கு. அம்மாவுக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள்.

"நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு காத்தைப் படத்துல பார்க்கணும்" என்று முந்தின நாள் அம்மா சொன்னபோது, அவர் குரலே ஒரு மாதிரி இருந்தது.

மாமா வேனின் பின்கதவைத் திறந்து, ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள்களையும் இறக்கினார். ஒன்று பச்சை, மற்றது சிவப்பு.

எறும்பு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். சைக்கிள் என்றால் இரண்டு சக்கரம், நடுவில் கம்பி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இவற்றுக்கு முழங்கால் இருந்தது. முன் சக்கரத்தைப் பிடித்திருந்த இரண்டு தண்டுகளும் அமுங்கி எழுந்தன. பின் சக்கரமோ தனியாக மடங்கி நிமிர்ந்தது. சீட்டுக்குக் கீழே, நடுவில், ஒரு சாண் நீளத்தில் பளபளவென்று ஒரு குழாய். குலுக்கலை வாங்கிக்கொள்கிற அதன் பெயர் ஷாக் என்றார் மாமா. டயர்கள் அவளுடைய கையை விடத் தடிமன்.

பச்சை பெரியது. அதன் முழங்கால்கள் இன்னும் ஆழமாக மடங்கும். எவ்வளவு பெரிய கல்லையும் அது விழுங்கிவிடும் என்று மாமா பெருமை பொங்கச் சொன்னார். சிவப்பு கொஞ்சம் குட்டை, எடையும் கம்மி. அதுவும் சாமான்யப்பட்டது இல்லை என்றார். சொல்லிக்கொண்டே, புது மருமகனைக் கவனிப்பது போல இரண்டையும் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தார்.

அம்மா முதலில் பச்சையை எடுத்தார். பல்வரிசையின் கடைசி வளைவு வீட்டிலிருந்தே தெரியும். அதுவரை மிதித்துப் போய்த் திரும்பி இறங்கினார். எறும்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தட், தட், தட் என்று ஒவ்வொரு கல்லிலும் அம்மா தூக்கிப் போடப்பட்டார். அப்புறம் சிவப்பை எடுத்துப் போனார். அதிலும் அதே தட், தட், தட்.

இறங்கியதும் அவருடைய கை நேராக இடுப்புக்குப் போனது.

"ரெண்டும் உதைக்குது அண்ணே. பழைய சைக்கிளே தேவலை."

மாமாவின் முகத்தில் ஈ ஆடவில்லை. "அதெப்படி தங்கச்சி? நேத்து ரெண்டையும் நானே இதே மாதிரி பாதையில ஓட்டிப் பார்த்தேன். எனக்கு மெத்தையில படுத்த மாதிரி இருந்துச்சு."

ஆபீஸுக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன் என்று அம்மா முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். போகும் வழியில் ஒரு நிமிடம் நின்று, மலை உச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

அழுகை வந்தால் எறும்பு செய்வது ஒன்றுதான். எதையாவது குனிந்து பார்ப்பாள். இப்போதும் பச்சைச் சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, மூக்கைக் குழாயில் ஒட்டிக்கொண்டாள்.

குழாய்க்குள்ளிருந்து ஒரு வழவழப்பான தண்டு வெளியே வந்தது. அந்தத் தண்டில் மோதிரம் போல ஒரு கறுப்பு ரப்பர் வளையம் மாட்டியிருந்தது.

"இது எதுக்கு மாமா?"

சைக்கிள் எவ்வளவு அமுங்கியது என்று காட்டத்தான் என்றார் அவர், சுரத்தே இல்லாமல். அமுங்கும்போது தண்டு குழாய்க்குள் போகும். குழாயின் வாய் வளையத்தைத் தள்ளிவிடும். தண்டு திரும்ப வெளியே வந்தாலும், வளையம் தள்ளிய இடத்திலேயே நிற்கும். துடைக்கும்போது தான் அதைக் குழாயின் வாய்க்கே நகர்த்தி வைத்ததாகவும் சொன்னார்.

எறும்பு இன்னும் குனிந்தாள். வளையம் குழாயின் வாயிலிருந்து ஒரு நகத்தளவுதான் நகர்ந்திருந்தது. அத்தனை கல்லில் குதித்த பிறகும் ஒரே ஒரு நகத்தளவு. சிவப்பிலும் அப்படியேதான்.

அப்படியானால் முழங்கால் மடங்கவே இல்லை.

"உள்ளே ஸ்பிரிங் ரொம்ப கெட்டியா இருக்குமா?"

"ஸ்பிரிங்கே கிடையாது பாப்பா. வெறும் காத்து. பம்பு வச்சு அடிக்கிறதுதான்."

எறும்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சாண் குழாயில் அடைத்த காற்றா ஓர் ஆளைத் தாங்குகிறது? அதுவும் மாமாவை? மாமா இறங்கியபோது வேன் உயர்ந்தது அவள் ஞாபகத்துக்கு வந்தது. அம்மா அதே வேனிலிருந்து எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறார். வேன் கண்டுகொண்டதே இல்லை. மாமாவும் பொய் சொல்லவில்லை, அம்மாவும் பொய் சொல்லவில்லை. சைக்கிளுக்குத்தான் ஆள் மாறியது தெரியவில்லை.

விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? நீங்க ரொம்ப குண்டு மாமா என்று ஆரம்பிக்க முடியுமா? ஏற்கெனவே மனுஷர் வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறார். எறும்பு கட்டைவிரலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு வளையத்தைக் குழாயின் வாய்க்கே தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"மாமா, ஒரு தடவை ஏறி உட்காருங்களேன். ஓட்ட வேண்டாம், சும்மா உட்கார்ந்தா போதும்."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார், இறங்கினார். வளையம் ஒரு முழு விரல் அகலம் தள்ளிப் போயிருந்தது. எறும்பு ஓடிப்போய், போனைத் தேடிக்கொண்டிருந்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வளையத்தை மறுபடி பழைய இடத்துக்குத் தள்ளினாள். அம்மா ஏறி இறங்கினார். வளையம் நகர்ந்ததா என்று பார்க்க மாமா கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"என் உடம்புக்கு அடிச்ச காத்தை அப்படியே கொண்டுவந்து உங்க அம்மாகிட்ட கொடுத்திருக்கேன். என் சட்டையை அவங்களுக்கு மாட்டிவிட்ட கதைதான். இதை நேரா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே பாப்பா?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..." என்று எறும்பு இழுத்தாள்.

"எனக்கா? வேன் டயரைக் கேட்டா அதுதான் கஷ்டத்தைச் சொல்லும்" என்றார் மாமா.

அவர் குழாயின் மூடியைத் திருகி எடுத்து, உள்ளே இருந்த சின்ன ஊசியை அழுத்தினார். உஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. எறும்பு அதில் விரலைக் காட்டினாள். சில்லென்று இருந்தது. தினமும் காற்றை அளக்கிற அம்மாவை இனி இந்தக் காற்றுதான் சுமக்கப்போகிறது. நினைக்க நினைக்க அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முன் சக்கரத்துத் தண்டுகளிலும் மாமா காற்றைக் குறைத்தார். அம்மா உட்கார்ந்தால் வளையம் ஒரு விரல் நகர வேண்டும். அதுதான் கணக்கு. இரண்டு சைக்கிளிலும் அப்படி அளந்து வைத்தார்கள்.

இந்தத் தடவை அம்மா பச்சையில் வளைவு வரை போய் இறங்கியபோது தட் என்ற சத்தமே கேட்கவில்லை. அவர் முகத்தில் நம்ப முடியாத ஒரு சிரிப்பு. சிவப்பிலும் போய் வந்தார். அதிலும் அதே சிரிப்பு.

மாமாவுக்குப் போன தெம்பு திரும்பிவிட்டது. பச்சையேதான், யோசிக்கவே வேண்டாம், பெரிய சைக்கிள் பெரிய சைக்கிள்தான் என்று அடித்துச் சொன்னார். அம்மாவும், மூச்சு வாங்க, தலையாட்டப் போனார்.

எறும்பு மட்டும் தரையில் இருந்தாள். "அம்மா, இங்கே பாரேன். சிவப்புல வளையம் கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் வந்திருக்கு. ஆனா முட்டலை. பச்சையில பாதி வரைக்கும்தான் வந்திருக்கு. மீதிப் பாதி சும்மாவே இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் மாமா.

"அந்தச் சும்மா இருக்கிற பாதியையும் அம்மாதானே தினமும் ஒரு மணி நேரம் மேலே மிதிச்சுக்கிட்டுப் போகணும்?"

மாமா பச்சையை ஒரு கையாலும் சிவப்பை ஒரு கையாலும் தூக்கிப் பார்த்தார். பச்சையை முதலில் கீழே வைத்தார்.

ஆனால் கடைசி வளைவு வேறு, முழுப் பல்வரிசை வேறு. அன்றைக்குக் காற்றை இன்னும் யாரும் அளக்கவும் இல்லை. உச்சிக்குப் போய் வந்து சொல்கிறேன் என்று அம்மா சிவப்பில் ஏறினார். மணி ஒன்பதே முக்கால். எறும்பு வளையத்தைக் குழாயின் வாய்க்குத் தள்ளிவிட்டாள்.

காத்திருப்பது போலக் கஷ்டமான வேலை வேறு இல்லை. மாமா மூன்று டம்ளர் டீ குடித்தார். பச்சையை வேனில் ஏற்றவா வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டார். பதினொன்றரைக்கு ஆபீஸிலிருந்து அவருக்குப் போன் வந்தது. இன்னும் பத்து நிமிடம் என்று சொல்லிச் சமாளித்தார். எறும்பு மலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மேலே, பாறைகளுக்கு நடுவில், ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

புள்ளி பெரிதானது, சைக்கிளானது, அம்மாவானது. எறும்பு எழுந்து நின்றாள். சக்கரங்கள் இரண்டும் கற்கள் மேல் ஏறி, பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஏறி, ஒரு நொடி கூட சும்மா இல்லை. முழங்கால்கள் மடங்கி நிமிர்ந்து மடங்கி நிமிர்ந்து வந்தன. ஆனால் அம்மாவின் தலை அசையவே இல்லை. வெள்ளத்தில் படகு வருவது போல, பல்வரிசையின் மேல் அம்மா மிதந்து வந்தார். அவருக்குப் பின்னால், உச்சியில், கிண்ணங்கள் மின்னிக்கொண்டு சுற்றின. எறும்புக்குக் கை தட்டக்கூடத் தோன்றவில்லை. மாமா கையில் நாலாவது டீ ஆறிப்போனது.

அம்மா முற்றத்தில் வந்து பிரேக் பிடித்தார். காலை வீசி இறங்கினார்.

எறும்பு அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். மாமாவும் அதைத்தான் பார்த்தார்.

கை இடுப்புக்குப் போகவில்லை. சட்டைப் பைக்குள் போய்ப் போனை எடுத்தது.

"சிவப்பு" என்றார் அம்மா போனில். "ஆமா சார், சிவப்புதான். திங்கட்கிழமையும் நான்தான் மேலே போறேன்."

போனைப் பைக்குள் போட்டார். பிறகு, இடுப்பில் கை வைக்காமலேயே, எறும்புக்குப் பக்கத்தில் இன்னொரு எறும்பு போலக் குனிந்து, அந்தக் கறுப்பு வளையம் எங்கே நிற்கிறது என்று பார்த்தார்.